கோபுரத்தின் அடியில் மஞ்சள் கோடு

செப்டம்பர் 26, 1994
ஆழ்ந்து யோசித்து, வெள்ளைச் சாக்பீஸைக் கைவிட்டு மஞ்சளுக்கு மாறுவதென்று இன்று முடிவெடுத்தேன். கம்பெனி வரலாற்றில் இது இடம்பெற வேண்டும்.
கடலோரக் காற்றாலைகளுக்காக நாங்கள் செய்யும் இரும்புக் கோபுரத்தின் மாதிரி ஒன்று, அம்பத்தூர் ஷெட்டுக்குப் பின்னால் மூன்று வருடமாக விசிறியோடு நிற்கிறது. அதன் அடி வெல்டிங்கில் மயிரிழை விரிசல். விரிசலின் நுனியில் கோடு போட்டுத் தேதி எழுதினேன். தர ஆய்வாளனின் அதிகாரம் அதோடு முடிகிறது.

அக்டோபர் 4
விரிசல் கோட்டைத் தாண்டி நான்கு மில்லிமீட்டர். விசிறி சுற்றச் சுற்ற இரும்பு களைத்துப்போகிறது. கம்பியை வளைத்து வளைத்தே ஒடித்தவர்களுக்குத் தெரியும். மேனேஜர் ஜம்புலிங்கத்துக்கும் தெரியும். "பெயின்ட் கீறல்யா அது. அடுத்த மாசம் வாங்கற பார்ட்டி பாக்க வராங்க. சும்மா இரு."
தினமும் உச்சிக்கு ஏறி கிரீஸ் வைப்பவர் பால்ராஜ். எச்சரித்தேன். "நீ வேற சார். என் வெயிட்டு இன்னா, அம்பது கிலோ தேறுமா? நான் ஏறியா இது சாயப் போவுது?"

அக்டோபர் 12
ஒன்பது.

அக்டோபர் 13
ஆயுத பூஜை. நேற்று மாலையே கோபுரத்தைச் சுரண்டித் துடைத்துப் புது பெயின்ட் அடித்துவிட்டார்கள். கோடு, தேதி, விரிசல் எதுவும் இல்லை. சரியாக அந்த இடத்தில் சந்தனம், குங்குமம். "எங்கய்யா உன் விரிசல்?" என்றார் ஜம்புலிங்கம்.
எங்கே?

அக்டோபர் 17
மழை. புது பெயின்டின் மேல் துரு ஒழுகியிருக்கிறது, ஒரு சாண் நீளத்துக்கு.
சாக்பீஸுக்குப் பிறகு என் இரண்டாவது முடிவு: பால்ராஜின் பாதுகாப்பு பெல்ட்டைப் பையில் போட்டு கோவில்பதாகையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாதென்பது ஜம்புலிங்கமே கையெழுத்திட்ட விதி. கம்பெனியில் பெல்ட் அது ஒன்றுதான். புதியது கேட்டுக் கொள்முதல் பிரிவுக்கு எழுதியிருக்கிறார்களாம். அந்தப் பிரிவின் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததே இல்லை.

நவம்பர் 1
நேற்றைய புயலில் எங்கள் ஷெட்டின் கூரை பறந்தது. கோபுரம் நிற்கிறது. ஜம்புலிங்கம் அதைத் தட்டிக்கொடுத்தார்.
பால்ராஜ் தனியே வந்தார். "பெல்ட்டு உன்கிட்டதான் கீதுன்னு தெரியும் சார். நான் யார்கிட்டயும் சொல்லல. தீபாவளி முடிஞ்சு கொண்டாந்துடு. இல்லாங்காட்டி கயித்தைக் கட்டிகினு ஏறுன்றாரு மேனேஜரு."

நவம்பர் 3
தீபாவளி முடிந்தது. கோபுரம் புயலையே தாங்கியிருக்கிறது. நான்தான் தப்போ? குடுத்தா ஏறுவாரு. குடுக்கலன்னா கயிறு — அது இன்னும் மோசம். நாளைக்குக் குடுத்துட்டு கீழ நின்னு என்ன பண்ணப் போறேன்? பிடிக்கவா?

நவம்பர் 4
திருமுல்லைவாயிலில் ரயில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் தாமதம். பால்ராஜ் பெல்ட்டுக்காக கேட்டிலேயே காத்திருந்திருக்கிறார்.
நான் போய்ச் சேரும் முன்பே, 8.40க்குக் கோபுரம் சைக்கிள் ஷெட்டின் மேல் விழுந்தது. காற்று சாதாரணம்.
பெல்ட்டை ஸ்டோரில் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.