காரை ஓட்டியது யார்

அப்பா,

கார் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் பதினொரு மணிக்கு வருவார். சாவி டிவி மேல் இருக்கிறது. கீரனூர் பாலத்துச் சுவரில் இடித்தது நான்தான் என்றே சொல்லுங்கள். பாலிசி உங்கள் பெயரில் இருந்தாலும், லைசென்ஸ் உள்ள யார் ஓட்டியிருந்தாலும் க்ளெய்ம் கிடைக்கும். பொய் சொன்னால்தான் கிடைக்காது.

"பொம்பளப் புள்ள இடிச்சுச்சுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாக?" என்றீர்கள். நீங்கள் ஓட்டியதாகச் சொன்னால் எடுபடாது. கார் இடித்த நேரத்தில் அரிமளம் கல்யாண வீடியோவில் நீங்கள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

பொங்கல் ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

பிரகதீஸ்வரி

பி.கு.: மாப்பிள்ளை வீட்டுக்கு நேற்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அந்த அம்மா, "ஒனக்கு அடி எதுவும் படலையேத்தா?" என்றுதான் முதலில் கேட்டார். நீங்கள் இன்னும் கேட்கவில்லை.