வாசல் குறுகிய பென்டிரைவ்

என் பிரியமானவளுக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி குறைந்ததா? குட்டிக்கு ஆடிய பல் விழுந்துவிட்டதா?

அச்சகத்தில் ஒரு வேடிக்கை. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்று, அதை அப்படியே பத்து ஜி.பி. டிஸ்க் இமேஜாக, ஒரே ஃபைலாக நகல் எடுத்தோம். நீ பேசிப் பதிந்து கொடுத்தனுப்பிய பென்டிரைவில் அதை ஏற்றப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தும் ஏறவில்லை. இடம் போதவில்லையோ என்று பாட்டுகளை அழித்தேன். அசையவில்லை. பிறகு உன்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று உன் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிப் பதிவில் கை வைத்தபோது கணினி மெக்கானிக் பார்த்துவிட்டார்.

"யோவ், என்னய்யா பண்ற? வீடு காலியாத்தான் கிடக்கு. வாசல் குறுகலா இருந்தா பீரோ எப்படி நுழையும்? இது பழைய ஃபார்மேட்டு. ஒரு ஃபைல் நாலு ஜி.பி.யத் தாண்டினா உள்ள விடாது."

அதென்ன நாலு கணக்கு என்று நான் விடவில்லை. ஃபைலின் அளவைக் குறித்துக்கொள்ள அந்த ஃபார்மேட்டில் ஒதுக்கிய கட்டத்தில் நாலு ஜி.பி.க்கு மேல் எண் கொள்ளாதாம்! ஃபார்மேட்டை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பது போய்விடும் என்றார்.

"அப்ப வேணாம்ணே" என்றேன். இமேஜை மூன்று துண்டாக்கி ஏற்றினோம்.

மறுபடி பேசி அனுப்பு. எவ்வளவு நீளமானாலும் வெட்டி ஏற்றிக்கொள்வேன். ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

தப்பித்த பதிவு, நீ முதலில் சோதித்துப் பார்த்ததுதான். "ஹலோ, கேக்குதாங்க? கேக்குதா?" அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

தினமும் போட்டுவிட்டு, "கேக்குதும்மா" என்கிறேன்.

உன்னவன்