விழுந்துவிட்டதாக நினைத்த காப்பர் டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் அக்காவும் சௌக்கியம், அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பஸ் ஓட்டுகிற கைக்குப் பேனா பிடிக்க வராது, பொறுத்துக்கொண்டு படி.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வருவதும் மாத்திரையில் அடங்குவதும் உனக்குத் தெரிந்ததுதான். தையல் கம்பெனியில் பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்கமாட்டாள், அதனால்தான் என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். போன வாரம் சிறுநீரில் ரத்தம் வந்து, குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. எக்ஸ்ரே எடுத்தால் மூத்திரப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல், அதற்குள்ளே காப்பர் டி. டாக்டரம்மா எனக்கும் காட்டினார், அந்த எழுத்து அப்படியே தெரிகிறது. அக்கா பிறந்தபிறகு, அடுத்தது உடனே வேண்டாம் என்று கர்ப்பப்பைக்குள் போட்டது. நீ வயிற்றில் வந்தபோது அதிலிருந்து தொங்குகிற நூல் தட்டுப்படவில்லை, தானாக விழுந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னாள், நாங்களும் விட்டுவிட்டோம். விழவே இல்லையாம் கண்ணு. கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு மூத்திரப்பைக்குள் போய், இத்தனை வருஷமாக அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகியிருக்கிறது. கிருமி கிட்னிவரை ஏறிவிட்டது, ஊசி போட்டுக் காய்ச்சலை அடக்கியிருக்கிறார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கிட்னியே போய்விடும் என்கிறார்.

உன் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். ஆபரேஷன் என்றால் உனக்குச் சொல்ல வேண்டுமாம், வெறும் கல் என்று சொல்லலாமே என்றால் நீ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறவளாம். "நான் பொறக்கவே கூடாதுன்னு தடுத்துப் பாத்திருக்காங்கன்னு புள்ள மனசு ஒடஞ்சி போயிடும், அதுக்கு இந்த வலியே தேவல" என்று ஒரே பிடிவாதம். கெஞ்சினேன், கத்தினேன், அக்கா பட்டினி கிடந்து பார்த்தாள், மசியவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள், அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். அவள் உள்ளே முனகுவதைக் கேட்டுக்கொண்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது. சந்துக்குள் பஸ்ஸைத் திருப்பிவிடுவேன், இந்த ஒருத்தியைத் திருப்ப வழி தெரியவில்லை. பயமாக இருக்கிறதம்மா.

அப்பா கேட்கிற விஷயம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், நீயும் அது போட்டிருந்தால் நூல் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடு.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் பண்ணு. வலிக்கிறதா என்று கேட்காதே, அழுதுவிடுவாள். "என்னைத் தடுக்கப் பாத்தியாமே, முடிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரி. சத்தமாகச் சிரி. நிஜமாகவே மனசு வலித்தால் அதை என்னிடம் அப்புறம் அழு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா