ஊதிவிட்ட விபத்துச் சங்கை முடித்து வைக்கக் கோரி

அனுப்புநர்
சுதா தினகரன்,
கணவர் பெயர்: தினகரன்,
தந்தை பெயர்: பத்தி 4 காண்க,
பிள்ளையார் கோயில் பின் தெரு,
காட்டுப்பாக்கம், சென்னை.

பெறுநர்
தனி அலுவலர்,
சுரங்க நினைவிடப் பராமரிப்புப் பிரிவு,
செம்பரக்குன்று.

பொருள்: செப்புச் சுரங்க நினைவிடத்தில் வேடிக்கைக்காக விபத்துச் சங்கு ஊதியது – பாதியில் விட்டதை முடித்து வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய சம்பந்தமில்லாத பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சங்கின் ஒலி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். சத்தம் அதிகம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப் பாக்குக்கு விலை சொல்கிறீர்கள். ஆகவே மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமை கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது.

1. என் தந்தை செம்பரக்குன்று சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1987-இல் நடந்த மண்சரிவில் இறந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது, தம்பி இளங்கோ கைக்குழந்தை. அம்மா சொர்ணம் எங்களைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கு வந்து, தொழிற்பேட்டையில் வேலை செய்து ஆளாக்கினார். அந்த ஊர்ப்பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சுரங்கத்தை நினைவிடமாக்கித் திறந்திருக்கிறார்கள், குடும்பத்துடன் வரலாம் என்ற விளம்பரத்தை நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் பார்த்துவிட்டு, நான்தான் வற்புறுத்தி 16.11.2025 அன்று அழைத்துப் போனேன்.

2. ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு வழிகாட்டி விஷால் என்ற இளைஞர் மைக்கில், "இப்போ ஒரு சர்ப்ரைஸ்! எல்லாரும் போனை ரெடியா வச்சிக்கோங்க" என்றார். விட்டு விட்டு மூன்று முறை சங்கு ஊதியது. ஷிப்டு மாறுவதற்கு ஒரே சங்குதான் ஊதுவார்கள். விட்டு விட்டு ஊதினால், கீழே ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். இது தங்கள் பலகையிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்தேதான் ஊதியிருக்கிறார்கள்.

3. என் அம்மா கழற்றி வைத்திருந்த செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டுக்கு ஓடினார். விபத்து நடந்தால் வீட்டுப் பெண்கள் காத்து நிற்கும் அதன் வலது பக்கம் போய் நின்றார். டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஈரக்கையோடு வந்து பக்கத்தில் நின்றார். தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரையொருவர் யாரென்றே தெரியாது. நால்வரும் சுரங்க வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர்கள் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள், ஐயா.

4. சுரங்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. விபத்துச் சங்கு ஊதிவிட்டால், எல்லாம் முடிந்தது என்று ஒரு நீண்ட சங்கு ஊதும்வரை, கீழே போன ஆளின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் ஆள் மேலே வரமாட்டார் என்பார்கள். அந்த நீண்ட சங்கைத் தங்கள் ஆட்கள் ஊதவில்லை. அடுத்த நிமிடமே கூட்டத்தைக் கீ-செயின் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் மேலே தந்தை பெயரை நிரப்பவில்லை. பூர்த்தி செய்யாத மனு என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

5. முதல் மனுவுக்குப் பிறகு ஒப்பந்ததாரர் ரகுநாதன் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "மேடம், உங்க அம்மா நின்ன வீடியோ செம்மையா ஓடுது. சனி, ஞாயிறு வந்து நிப்பாங்களா? சாப்பாடு நம்ம கணக்கு" என்றார். நான் சொன்ன பதிலை அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் எழுத முடியாது.

6. என் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். "செத்தவருதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஊதிட்டாங்களேடி. ஊதினா முடிக்கணும்ல" என்கிறார். வரும் தை அமாவாசைக்குத் தம்பி திதி கொடுக்க வேண்டும். பெயர் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். சொல்லக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட விட்டுப்போகாத திதி, உங்கள் சர்ப்ரைஸால் நிற்கிறது.

ஆகவே, விபத்துச் சங்கை இனி வேடிக்கைக்கு ஊதக் கூடாது என்று ஆணையிட வேண்டும். அதற்கு முன், அமாவாசைக்குள் ஒருநாள், கூட்டமில்லாத நேரத்தில், அந்த நீண்ட சங்கை ஒரே ஒரு முறை ஊத வேண்டும். நாளைச் சொல்லுங்கள், அம்மாவை அழைத்து வருகிறேன். டீக்கடை அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

1987-இல் அந்தச் சங்கு ஊத மூன்று நாள் ஆனது. அப்போது கீழே ஆட்கள் இருந்தார்கள், தேடி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கீழே யாருமில்லை, ஐயா. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இடம்: காட்டுப்பாக்கம்
நாள்: 05.01.2026

இப்படிக்கு,
(ஒப்பம்)
சுதா தினகரன்