மிஸ் பாக் செய்த சோற்றுப் பை

செம்பூர்,
14-2-1966

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

வியாழக்கிழமை ஒரு வேடிக்கை. எங்கள் ஆபீஸுக்குக் கொரியாவிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் மிஸ் பாக், நாங்கள் மத்தியானம் சாப்பிடும் மெஸ்ஸில் அடுப்பைக் கேட்டு வாங்கித் தன் ஊர்ப் பலகாரம் செய்தாள். சோயா மொச்சைப் பாலைத் திரைய வைத்துக் கட்டியாக்கி, எண்ணெயில் பொரித்த சிறு பைகள். உள்ளே புளிப்புச் சாதம்.

"தைரியமா சாப்பிடுங்கோ மாமி, மீன் கீன் ஒண்ணும் கிடையாது" என்றாள் கூட வேலை செய்யும் ஷ்யாமளா.

தித்திப்பும் புளிப்புமாக இருந்தது. நம் பிள்ளை பட்டாபி இருந்திருந்தால் தட்டை வழித்திருப்பான்.

அன்றுதான் அவன் திதி என்று எழுதியிருந்தீர்கள். அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் இரண்டாவது பையை எடுத்துப்போய் ஜன்னல் கட்டையில் வைத்தேன். காகம் உடனே கொத்திக்கொண்டு போயிற்று. பம்பாய்க் காகம் எதையும் தின்னும்.

"பிடிக்கலேன்னா எனக்குத் தந்திருக்கலாமே! காக்காய்க்குப் போடறேளே!" என்று ஷ்யாமளா சிரித்தாள். பிடிக்கவில்லை என்றே சொல்லிவிட்டேன். பாவம், மிஸ் பாக்கின் முகம் வாடிப்போயிற்று.

உப்பு நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்புங்கள். பட்டாபியின் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அடுத்த வருஷம் திதி என்றைக்கு வருகிறது என்று சாஸ்திரிகளைக் கேட்டு இப்போதே எழுதுங்கள். நான் லீவு சொல்ல வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

சௌந்தரம்