மருந்து இருந்த பை

ஞாயிறு இரவு.

விவாகரத்தானதிலிருந்து ஞாயிறுதோறும் மகளை அவளுடைய அப்பா தாராவிக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப்போவார். இன்று அவளுக்கு இருமல்.

"மருந்து அவ பைக்குள்ள இருக்கு. அவளே குடிச்சுக்கிடுவா, நீ தொடாத" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

இருமல் மருந்துக்கு அடிமையாகித்தான் அவரோடு வாழ்ந்த வீட்டை இழந்தேன். மருந்தைத் தொட்டு ஏழு மாதமாகிறது.

மதியம் சாப்பிட்டதும் அவள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். தலையணை கொடுத்தேன்.

"வேண்டாம்மா. அப்பா இப்படித்தான் படுக்கணும்னு சொன்னாவ."

எட்டு வயதுப் பிள்ளையை எனக்குக் காவல் போட்டிருக்கிறார்.

தூக்கத்தில் இருமினாள். நெஞ்சைத் தடவிவிடத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கை பையின் ஜிப்புக்குப் போயிருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே பையை இறுக்கிக்கொண்டாள்.