டிவிக்குப் பின்னால் இருந்த உங்கள் எழுத்து

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். பெயர் சொல்ல வாய் வந்ததில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வெள்ளவத்தையில் எதுவும் மாறவில்லை. காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடி, எங்கள் ஒழுங்கை முனையில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மரக்கறி வாங்கப் போய்வருகிறேன். களைத்துப் போனேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மற்றது உங்கள் ரிமோட் பற்றியது. நான் ஒரு பிழை செய்துவிட்டேன். அதனால் பெற்ற மகள் வதனியே என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

டிவிக்கும் வீடியோ டெக்குக்கும் கேபிள் பெட்டிக்கும் ஒன்றே போதும் என்று புறக்கோட்டையிலிருந்து வாங்கி வந்தீர்களே, அந்த ரிமோட். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினீர்கள். சோறு ஆறிப்போனது. எந்தப் பெட்டிக்கு எந்த எண் என்று கண்டுபிடித்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டினீர்கள். டிவி, டெக், பெட்டி என்று தமிழில் மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு இலக்கம். கீழே எனக்கொரு புத்திமதி வேறு: பற்றரி மாற்றும்போது சுணங்கக் கூடாது, கொஞ்சம் பிந்தினாலும் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். எனக்குப் புத்தி சொல்லாவிட்டால் உங்களுக்குப் பொழுது விடியாதே.

அதற்குப் பிறகு அந்த ரிமோட் உங்கள் கையைவிட்டு இறங்கவில்லை. தமிழ்ச் செய்தி என்றால் சத்தம் ஐந்தில். படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் அதுவும் இல்லை, செய்தி வாசிப்பவரின் வாய் மட்டும் அசையும். கிரிக்கெட் என்றால் இருபத்தைந்துக்குக் கூட்டி, நாங்களும் இந்த நாட்டுச் சனம்தான் என்று ஒழுங்கை முழுவதற்கும் அறிவிப்பீர்கள். உங்களைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை. வதனி கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டாள். கீழ்மாடி அன்ரி மூச்சு வாங்க ஏறிவந்து, ஆமிக்காரர் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள், கடற்கரைப் பக்க வீடுகளிலிருந்து சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது. நீங்கள் பழக்கிவைத்த வேலைதானே, கை தானாகச் செய்தது. ஊர்க் கலியாணப் படம் இரண்டு, மாமியின் பழைய முகவரிப் புத்தகம், கோயில் ரசீது, எல்லாவற்றையும் ஒளித்தேன். பிறகு டிவிக்குப் பின்னால் கண் போனது. தமிழில் மூன்று சொல், பக்கத்தில் நாலு நாலு இலக்கம். மறைவான இடத்தில் ஒட்டியும் இருக்கிறது. என் கண்ணுக்கே அது வேறு ஏதோவாகத் தெரிந்தது. பிய்த்து, காஸ் அடுப்பில் பிடித்து, சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பொலிஸ் பதிவுத் தாளில் உங்கள் பெயரைத் தடக்கித் தடக்கி வாசித்து, "மஹத்தயா கோ?", ஐயா எங்கே என்று கேட்டார். நான் சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மற்றவர் ரிமோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கையை நீட்டி அமத்திக் காட்டினேன். டிவியில் கிரிக்கெட். இருவரும் ஒரு ஓவர் முழுக்க நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டிவிக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னேரம் வதனி வந்தாள். தூசு தட்டப் போனவள் டிவிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். தாளை எரித்ததைச் சொன்னேன்.

"அது ரிமோட் நம்பர் எண்டு சொல்லியிருக்கலாம்தானே அம்மா."

"எந்தப் பாஷையில சொல்ல?"

அவள் தூசுத் துணியை டிவியின் மேல் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்பான்ர எழுத்து இந்த வீட்டில வேற எங்க இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

தேடினேன். உண்மையாகவே தேடினேன். நீங்கள் வேலைசெய்த கந்தோர்க் காகிதம் எல்லாம் ஆங்கிலத்தில் தட்டெழுத்து. வங்கிப் புத்தகத்தில் உங்கள் ஆங்கிலக் கையெழுத்து, அது யாருடைய கிறுக்கலாகவும் இருக்கலாம். கலியாணம் பேசின காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு எனக்கு எழுதின கடிதங்களை முதல் சுற்றிவளைப்பிலேயே நீங்களாகத்தான் எரித்தீர்கள். நான் அழுதேன், "ஆள் இருக்கேக்க கடிதம் என்னத்துக்கு?" என்றீர்கள். இப்போது ஆள் எங்கே? உங்களிடம்தான் கேட்கிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம், தெரியுமா?

போன மாதம் ரிமோட்டின் பற்றரி தீர்ந்தது. புதிதை வாங்கிவைத்துக்கொண்டு பழையதைக் கழற்றியிருக்க வேண்டும். நானோ பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், சாவடியில் வரிசை. திரும்பி வருவதற்குள் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. டிவியின் பட்டன்கள் எப்போதோ உள்ளே போய்விட்டன. சத்தம் ஐந்திலேயே நின்றுபோனது. நானும் வதனியும் கதிரைகளை இழுத்துப் போட்டு, டிவியின் முகத்துக்குள் முகம் வைத்து வன்னிச் சண்டைச் செய்தி கேட்டோம்.

எண் தெரியாவிட்டால் வேறு வழி இருக்கிறதாம், கடைக்காரர் சொன்னார். டிவியை நோக்கிப் பிடித்து ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்த வேண்டும், அமத்த அமத்த அது ஒவ்வொரு எண்ணாக முயன்று பார்க்குமாம். டிவி அணைகிற அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். பின்னேரங்களில் உட்கார்ந்திருந்து அமத்தினேன். விரல் நொந்தது. ஒரு நாள் அணைந்தேவிட்டது, நான் திடுக்கிட்டு இன்னொரு தரம் அமத்திவிட்டேன், அந்த எண் தாண்டிப் போனது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

வதனி அறையிலிருந்து வந்தாள். "தாங்கோ, நான் அமத்திறன்" என்று வாங்கிக்கொண்டாள். நாங்கள் மாறி மாறி அமத்தினோம். நேற்று அணைந்தது, அவள் சரியாக நிறுத்திவிட்டாள். எண் என்ன, சொல், எழுதி ஒட்டுவோம் என்றேன். இப்படித் தேடினால் எண் காட்டாது அம்மா என்றாள். அதோடு எழுதி ஒட்டவும் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் எழுத்தை நான் எரித்துவிட்டேன், அது திரும்பி வராது. ஆனால் இதை எரிக்க மாட்டேன். ஒழுங்கையை மறித்தாலும் சரி, கீழ்மாடி அன்ரி ஓடிவந்தாலும் சரி, மேசை மேல் எல்லோரும் காணத்தக்கதாகவே கிடக்கும். இது என்னவென்று கேட்டால், செத்துப்போன என் மனுசனுக்கு நான் எழுதினது என்று சொல்வேன். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று இன்று காலை வதனியிடம் கேட்டேன். மூன்று தரம் சொல்லித் தந்தாள். நான் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் சொல்லாமலே உங்களைக் கூப்பிட்ட,
வதனியின் அம்மா